‘நெகட்டிவ்’ என்ற ஒரு சொல்லுக்காக

2003ஆம் ஆண்டு ஆடி மாதம், வளைகுடா நாடு ஒன்றில் எலக்ட்ரீசியன் வேலைக்கு விசா வந்திருந்த நேரத்தில், ஏஜெண்ட் என்னைச் சென்னையில் இருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை மையத்துக்கு அனுப்பினார். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று, மார்பு எக்ஸ்ரே எடுத்து, இரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பிற்பகல் என் கைக்கு வந்த தாளின் மூலையில், ஒட்டப்பட்டிருந்த என் புகைப்படத்தின் தோளை மறைத்தபடி, ‘அன்ஃபிட்’ என்ற முத்திரை சிவப்பு மையில் விழுந்திருந்தது. காரணம் கேட்டபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: ஹெச்பிஎஸ்ஏஜி, பாசிட்டிவ். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏஜெண்ட் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது வந்துட்டா அந்த நாட்டுக்குப் போக முடியாது, பாஸ்போர்ட்டை வாங்கிக்க” என்றார். அன்றிரவே கோயம்பேட்டில் பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். எனக்கு அப்போது வயது 24. காய்ச்சல் என்றுகூடப் படுத்தறியாத உடம்பு.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் இருப்பதைச் சொல்லும் அந்த வரி இன்றும் என் ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைத் தாளிலும் மாறாமல் இருக்கிறது. அந்த ஒரு வரியைக் குறிவைத்தே ஹெபடைடிஸ் பி நோய்க்கான புதிய மருந்துகள் உருவாகி வருகின்றன. ‘ஹெபடைடிஸ் பி-க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே’ என்று நண்பர்கள் செய்தித் துணுக்குகளை அனுப்பும்போதெல்லாம், ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இங்கே மூன்று நான்கு பொருள்கள் உண்டு என்று விளக்க வேண்டியிருக்கிறது. அந்த விளக்கத்தை ஒருமுறை முழுமையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலையில் அம்மா வாய்க்கால் கரையில் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்தார். காம்பின் அடிப்புறம் வரிசையாகத் தொங்கும் கடுகளவு காய்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த செடிகள். வேரோடு அலசி, அம்மியில் மை போல அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, புளிக்காத மோரில் கரைத்துக் கொடுத்தார். உப்பும் எண்ணெயும் விலக்கிய பத்தியம் ஒரு மண்டலம் நடந்தது. அம்மாவுக்குக் கல்லீரல் நோய் என்றால் மஞ்சள் காமாலை, மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. மண்டலம் முடிந்து தஞ்சாவூரில் மறுபடி இரத்தம் கொடுத்தேன். பாசிட்டிவ் என்றே வந்தது.

அம்மாவின் நம்பிக்கை அறியாமை அல்ல என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 1988 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் நடத்தியது. ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்கு, கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை 30 நாள் கொடுத்தார்கள். பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது என்றும், வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்றும் அவர்கள் எழுதினார்கள். அந்த ஆய்வில் இணைந்திருந்தவர்களில் ஒருவர் பரூக் பிளம்பெர்க், அந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். நோபல் பரிசு பெற்ற ஒருவரும் என் அம்மாவும் ஒரே செடியை நம்பிக்கையோடு பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறுதல் தருகிறது.

ஆனால் அந்த முடிவு நிலைக்கவில்லை. 1990இல் தாய்லாந்தில் அதே அளவில் கொடுத்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. பிற இடங்களில் நடந்த ஆய்வுகளும் 1988இன் முடிவை உறுதிசெய்யவில்லை. கீழாநெல்லியை நம்பி மாத்திரையை விட்டுவிடுகிறவர்களை இப்போதும் சந்திக்கிறேன். அவர்களிடம் இந்தக் கதையை முழுமையாகச் சொல்கிறேன், முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதில்லை. எனினும் தரமணியில் கேட்கப்பட்ட கேள்வி சரியான கேள்வி: இரத்தத்திலிருந்து ஹெச்பிஎஸ்ஏஜி மறையுமா? இன்று பெரிய மருந்து நிறுவனங்கள் பல நாடுகளில் நடத்தும் ஆய்வுகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

ஹெச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம். மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் மேற்பரப்புப் பொருள் என்று தமிழில் சொல்லலாம். 1960களில் பிளம்பெர்க் உலகெங்கும் இருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஹீமோஃபீலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளியின் இரத்தம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தோடு வினைபுரிந்தது. அதனால் அந்தப் பொருளுக்கு முதலில் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றே பெயர் வைத்தார்கள். அது ஒரு வைரஸின் சட்டை என்பது பிறகே விளங்கியது. நோயாளியின் இரத்தத்தில் முழு வைரஸ் ஒன்றுக்கு, உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுச் சட்டைத் துகள்கள் ஆயிரத்திலிருந்து இலட்சம் வரை மிதக்கின்றன. அவற்றால் தொற்று ஏற்படாது. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் இந்த வெற்றுத் துகள்களோடு மல்லுக்கட்டியே சோர்ந்துபோகிறது. எதிரியை எந்நேரமும் எங்கும் பார்த்துப் பழகிவிட்ட காவலன் கடைசியில் அவனைக் கண்டுகொள்ளாமலேயே விட்டுவிடுவதைப் போன்ற நிலை அது.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். இந்த வைரஸைப் புரிந்துகொள்ள எனக்குக் கோரைதான் உதவியது. வயலில் கோரையை எத்தனை முறை அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். ஒரு மழை போதும், மறுபடி தலைகாட்டும். ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுப்பொருள் மிகச் சிறியது: ஏறத்தாழ 3,200 எழுத்துகள் நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. வளையம், அதில் நான்கே மரபணுக்கள். பித்த உப்பைக் கல்லீரல் செல்லுக்குள் ஏற்றும் ஒரு புரதத்தையே அது தன் வாசலாகப் பயன்படுத்துகிறது என்பதைப் பெய்ஜிங்கில் வென்ஹூய் லீயின் குழு 2012இல் கண்டறிந்தது. உள்ளே நுழைந்த வைரஸ் செல்லின் உட்கருவுக்குப் போய், தன் வளையத்தை முழுமையாக மூடி, நம் குரோமோசோம்களுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குரோமோசோமைப் போல உட்கார்ந்துகொள்கிறது. இதுதான் கிழங்கு. இதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் புறப்படுகின்றன, அவற்றில் சில சட்டைப் புரதத்தைத் தயாரிக்கின்றன, ஒன்று மட்டும் திரும்ப டி.என்.ஏ.வாக எழுதப்பட்டுப் புதிய வைரஸாகிறது. இது போதாதென்று, வைரஸ் டி.என்.ஏ.வின் துண்டுகள் நம்முடைய சொந்தக் குரோமோசோம்களிலேயே அங்கங்கே செருகிக்கொள்வதும் உண்டு. அந்தத் துண்டுகளால் வைரஸை உண்டாக்க முடியாது, ஆனால் சட்டையை மட்டும் நெய்துகொண்டே இருக்க முடியும்.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இருக்கும் மாத்திரைகள் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பது தெளிவாகும். லாமிவுடின், அடிஃபோவிர், என்டெகாவிர், டெனோஃபோவிர் ஆகிய எல்லாமே ஆர்.என்.ஏ. திரும்ப டி.என்.ஏ.வாக எழுதப்படும் அந்த ஒரே இடத்தில் குறுக்கே நிற்பவை. புதிய வைரஸ் உருவாவது நின்றுபோகிறது. வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, ‘கண்டறிய முடியாத அளவு’ என்று வருகிறது. கல்லீரல் வீக்கம் தணிகிறது, தழும்புகள்கூட ஓரளவு கரைகின்றன, புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. இவை சாதாரணப் பலன்கள் அல்ல. ஆனால் கிழங்கு அப்படியே இருக்கிறது, சட்டைத் தறியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனவே மாத்திரை எத்தனை ஆண்டுகள் சரியாக வேலை செய்தாலும் பெரும்பாலோருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாகவே இருக்கும்.

என் சொந்த வரலாறும் இந்த மாத்திரைகளின் வரலாறும் ஒரே பாதையில் நடந்தவை. 2005இல் கல்லீரல் நொதி ஏறியபோது லாமிவுடின் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1998இல் அங்கீகாரம் பெற்ற அந்த மாத்திரைதான் வாயால் விழுங்கும் முதல் ஹெபடைடிஸ் பி மருந்து. ஆனால் வைரஸ் தன் எழுத்தில் ஒன்றை மாற்றி அதை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறது. ஐந்து ஆண்டுகள் உட்கொள்பவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கு மருந்து பலிக்காமல் போகிறது. எனக்கு மூன்றாம் ஆண்டிலேயே போனது. அதன்பின் அடிஃபோவிர் சேர்த்தார்கள். பிறகு டெனோஃபோவிர் வந்தது. 2008இல் ஹெபடைடிஸ் பி-க்கு அங்கீகாரம் பெற்ற இந்த மருந்தை வைரஸ் எளிதில் மீறுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் சிறுநீரக அளவுகள் சற்று அசைந்தபோது, மருத்துவர் 300 மில்லிகிராம் மாத்திரையை நிறுத்தி 25 மில்லிகிராம் டெனோஃபோவிர் அலஃபெனமைடுக்கு மாற்றினார். இந்தப் புது வடிவம் பெரும்பாலும் கல்லீரலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகே பிரிகிறது, ஆதலால் இரத்தத்தில் மிதக்கும் மருந்தின் அளவு பழையதில் பத்தில் ஒரு பங்குதான். எலும்பும் சிறுநீரகமும் அந்த அளவுக்குத் தப்பிக்கின்றன. வெள்ளை பாட்டில், உள்ளே முப்பது மாத்திரைகள், ஈரம் உறிஞ்சும் ஒரு சிறு பொட்டலம். மாதம் ஒரு பாட்டில் காலியாகும்போது அந்தப் பொட்டலத்தை மட்டும் என் மகள் எடுத்துத் தன் வாட்டர் கலர் பெட்டிக்குள் போட்டுக்கொள்வாள்.

இந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிழங்கு உள்ளே இருப்பதால், நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் பொங்கி எழுந்து கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடக்கூடும். ‘லோடு இல்லை’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் மருத்துவரீதியாக நான் நன்றாகத்தானே இருக்கிறேன், அந்த ஒரு வரி எப்படி இருந்தால் என்ன? இந்தக் கேள்வியை என்னிடம் நல்லெண்ணத்தோடு பலர் கேட்டிருக்கிறார்கள், ஒரு மருத்துவரும் கேட்டார். என் பதில் இதுதான்: உலகம் என் வைரல் லோடைப் பார்ப்பதில்லை, அந்த வரியைத்தான் பார்க்கிறது. வளைகுடா விசாவுக்கு அந்த வரிதான். நான் கொண்டுபோன ‘கண்டறிய முடியாத அளவு’ ரிப்போர்ட்டை ஏஜெண்ட் அலுவலகத்தில் ஒருவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைவாய்ப் பல் பிடுங்கப் போன ஓரிடத்தில், நானாகவே உண்மையைச் சொன்னதும், காலை பத்து மணிக்கு வந்த என்னை இரவு எட்டு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். எட்டரைக்கு, அன்று கருவி இல்லை என்றார்கள். எந்த நோயாளிக்குப் பயன்படுத்திய கருவியையும் அழுத்த நீராவிக் கலனில் (ஆட்டோகிளேவ்) நுண்ணுயிர் நீக்கித்தான் அடுத்தவருக்குப் பயன்படுத்த வேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிற இடத்தில் என்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒழுங்காகச் செய்யாத இடத்தில், தன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வந்து உட்காரும் இன்னொருவர் என்னைவிட ஆபத்தானவர். 2009இல் குஜராத்தின் மொடாசாவில் அந்தக் கொடுமை நடந்தது. ஒருவருக்குப் போட்ட ஊசியை மறுபடி மறுபடி பயன்படுத்தியதால் ஊர் முழுக்க நோய் பரவி, பலர் இறந்தார்கள்.

சட்டமும் எங்கள் பக்கம் முழுமையாக இல்லை. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேலையிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017இல் இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது; ஹெபடைடிஸ் பி அதற்குள் வராது. கோடிக்கணக்கானவர்கள் இந்த வைரஸோடு வாழும் சீனாவில், வேலைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது என்று 2010இல் அரசு ஆணையிட்டது. அப்படி ஓர் ஆணை இங்கும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் ஆணை வரும்வரை காத்திருப்பதைவிட, அந்த வரியே மாறிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசையும் நியாயமானதே.

அந்த ஆசைக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ‘ஃபங்ஷனல் க்யூர்’. செயல்நிலைக் குணம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். மருந்து எல்லாவற்றையும் நிறுத்தி 24 வாரங்கள் கழிந்த பிறகும் இரத்தத்தில் ஹெச்பிஎஸ்ஏஜியும் வைரஸ் டி.என்.ஏ.வும் தென்படக் கூடாது என்பது அதன் வரையறை. கிழங்கு கொஞ்சம் உள்ளே இருக்கலாம். ஆனால் உடலே அதை மண்ணுக்குள் அமுக்கி வைத்திருக்கும். டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளால் இந்த நிலையை எட்டுகிறவர்கள் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர்கூட இல்லை. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி வாரம் ஒன்றாக 48 வாரம் போட்டால் சிலருக்கு எட்டுகிறது. ஆனால் காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு என்று அது கேட்கும் விலை அதிகம், ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபு வகைகளில் இந்தியாவில் பரவலாக இருக்கும் டி வகைக்கு அதன் பலனும் குறைவு.

புதிய மருந்துகளில் நான் மிகுந்த கவனத்தோடு பின்தொடர்வது பெபிரோவிர்சன். கிழங்கிலிருந்தும், குரோமோசோமில் செருகிக்கொண்ட துண்டுகளிலிருந்தும் புறப்படும் ஆர்.என்.ஏ.க்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் ஒரு பகுதியோடு பொருந்தும்படி எழுதப்பட்ட ஒரு சிறு இழை அது. போய் ஒட்டிக்கொண்டதும், செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நொதி அந்த ஆர்.என்.ஏ.வைத் துண்டித்துவிடுகிறது. வைரஸ் உருவாவது மட்டுமல்ல, சட்டை நெய்வதும் நிற்கிறது. பழைய மாத்திரைகளால் தொட முடியாத இடத்தை இது தொடுகிறது. அதோடு, சோர்ந்துபோன எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் குணமும் அதற்கு உண்டு. பி-கிளியர் என்ற இரண்டாம் கட்ட ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. 300 மில்லிகிராம் ஊசியை வாரம் ஒருமுறை 24 வாரங்கள் போட்டுக்கொண்டவர்களில், ஏற்கெனவே மாத்திரை உட்கொண்டிருந்தவர்களில் 9 சதவீதமும், உட்கொள்ளாதவர்களில் 10 சதவீதமும் ஊசி நிறுத்தி 24 வாரம் கழித்தும் அந்த வரி நெகட்டிவாகவே இருக்கக் கண்டார்கள்.

பத்தில் ஒருவர் என்று கேட்கும்போது சப்பென்று இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். நூற்றில் ஒருவருக்கும் நடக்காத ஒன்று ஆறே மாதத்தில் பத்தில் ஒருவருக்கு நடந்திருக்கிறது என்று நான் அவளுக்குச் சொன்னேன். அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அந்த ஆய்வுக்குள் இருந்தது: ஊசி தொடங்கும்போது ஹெச்பிஎஸ்ஏஜி குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. அதனால் 2023இல் தொடங்கிய மூன்றாம் கட்ட ஆய்வுகளுக்கு, மில்லிலிட்டருக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் இல்லாதவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருநூறும் இருக்கலாம், இருபதாயிரமும் இருக்கலாம் என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன். என் மருத்துவரிடம் அந்த அளவைக் கேட்டேன். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, எடுத்துப் பார்ப்போம்” என்றார்.

ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் இன்னொரு வகை, சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளான எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மருந்துகள். ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 2006இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்தவை இவை. ஒரு சர்க்கரை மூலக்கூற்றோடு பிணைத்து அனுப்புவதால் நேராகக் கல்லீரல் செல்லுக்கே போய்ச் சேர்கின்றன. இவை ஹெச்பிஎஸ்ஏஜியை வெகுவாகக் குறைக்கின்றன, ஆனால் தனியாகக் கொடுத்தால் முழுமையாக மறைவது அரிது. 2024 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வில் சால்னெசிரான் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது சொற்பப் பேருக்கே பலித்தது. அதையே இன்டர்ஃபெரானோடு சேர்த்து 48 வாரம் கொடுத்தபோது, நிறுத்தி 24 வாரம் கழித்து 23 சதவீதத்தினருக்கு வரி மறைந்திருந்தது. கோரையைத் தொடர்ந்து அறுத்து அது நிழல் பரப்பாமல் பார்த்துக்கொண்டால் பயிர் தானே எழுந்து அதை அமுக்கும் என்று அப்பா சொல்வார். இந்த மருந்துகளின் தர்க்கமும் ஏறக்குறைய அதுதான். சட்டைத் துகள்களைக் குறைத்துவிட்டு, அந்த இடைவெளியில் எதிர்ப்பாற்றலுக்கு ஒரு கை கொடுப்பது. எனவே நமக்குக் கிடைக்கப்போவது ஒரே மருந்தாக இராது, கூட்டு மருந்தாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

வேறு பாதைகளும் இருக்கின்றன. வைரஸின் உள்கூட்டைச் சரியாகக் கட்டவிடாமல் குலைக்கும் மருந்துகள் வைரல் லோடை நன்றாகக் குறைத்தன, ஆனால் நிறுத்தியதும் வைரஸ் திரும்பி வந்தது. வாசலை அடைக்கும் புலெவிர்டைடு, ஹெபடைடிஸ் டி என்ற கூடுதல் வைரஸ் உள்ளவர்களுக்கு 2020இலிருந்து ஐரோப்பாவில் கிடைக்கிறது. மரபணுத் திருத்தத்தால் கிழங்கையே வெட்டியெடுக்கும் முயற்சிகள் மனிதர்களிடம் இப்போதுதான் முதல் அடி வைத்திருக்கின்றன. அவை வெற்றி பெற்றால் குணம் என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிடும்.

புதிய மருந்து என்றதும் ஓடிப்போய்க் கையை நீட்டும் மனநிலை எனக்கு இல்லை. அதற்குக் காரணம் ஃபியாலுரிடின். 1993இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். முதல் வாரங்களில் வைரஸ் அழகாக இறங்கியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். மூன்றாம் மாதத்தில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியது. மருந்தை உடனே நிறுத்தியும் பாதிப்பு நிற்கவில்லை, ஏனென்றால் செல்லின் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வுக்குள் அது ஏற்கெனவே புகுந்துவிட்டிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். மாற்றுக் கல்லீரல் பொருத்தியதால் இரண்டு பேர் பிழைத்தார்கள். இன்று ஒரு மருந்து என் கைக்கு வர இத்தனை கட்டங்களைத் தாண்ட வேண்டியிருப்பதற்கு அந்தப் பதினைந்து பேரும் ஒரு காரணம். தாமதத்தைப் பற்றி எனக்கு அலுப்பு வரும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒருவரையும் நினைத்துக்கொள்கிறேன். என் தாய்மாமா 1998இல் வயிறு நீர்கோத்து, கண் மஞ்சளித்து, 41 வயதில் இறந்தார். கல்லீரல் சுருங்கிவிட்டது என்று சொன்னார்கள். ஊர் அவரைக் குடிகாரர் என்றது. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. எனக்கு முடிவு வந்த பிறகு குடும்பத்தில் எல்லோருக்கும் பார்த்தபோது, அம்மாவுக்கும் அக்காவுக்கும் பாசிட்டிவ் என்று வந்தது. பிறக்கும்போது தாயிடமிருந்து பெறுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்த பிறகு தொற்றினால் இருபதில் ஒருவருக்குக்கூடத் தங்குவதில்லை. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் மாமாவுக்கும், அம்மாவிடமிருந்து எங்களுக்கும் வந்திருக்க வேண்டும். அதைச் சொன்ன அன்று அம்மா, “அப்ப நாந்தானா தம்பி உனக்குக் குடுத்தேன்?” என்று கேட்டுவிட்டு, அடுப்படியில் வேலை எதுவும் இல்லாமலே வெகுநேரம் நின்றிருந்தார்.

அக்காவின் மகள் பிறந்தபோது நிலைமை மாறியிருந்தது. ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது. அதற்குள் ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தனியாகப் போட வேண்டிய முதல் ஹெபடைடிஸ் பி ஊசியை அரசு மருத்துவமனைச் செவிலியர் பிரசவ அறையை ஒட்டிய மேசையிலேயே போட்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினொரு வயது. அவளுடைய தாளில் அந்த வரி நெகட்டிவ்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியாவில். நோய் இருப்பது தெரிந்தவர்கள் 13 சதவீதம். சிகிச்சை பெறுகிறவர்கள் 3 சதவீதம். பிளம்பெர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28 அன்று, 2018இல் இந்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் டெனோஃபோவிரும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2024இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் தளர்த்தி, முன்பு ‘காத்திருங்கள்’ என்று சொல்லப்பட்ட பலருக்கும் மாத்திரை தொடங்கலாம் என்றது. என் மாமாவின் காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால், ஒரு பரிசோதனையும் மாதம் ஒரு பாட்டில் மாத்திரையும் போதுமாக இருந்திருக்கும். புதிய ஊசிகளைப் பற்றி நான் இவ்வளவு ஆர்வத்தோடு எழுதினாலும், இந்தப் பழைய மாத்திரை போய்ச் சேராத, நூற்றில் 97 பேரின் நினைவு என்னை விட்டு அகலுவதில்லை. அந்த ஊசியும் முதலில் பரிசோதனை செய்துகொண்டவருக்குத்தானே கிடைக்கும்?

மருத்துவர் எடுத்துப் பார்த்த முதல் ஆண்டு என் ஹெச்பிஎஸ்ஏஜி அளவு 1,860. அடுத்த ஆண்டு 1,790. போன தை மாதம் 1,735. மாத்திரையை மட்டுமே நம்பி இது பூஜ்ஜியத்துக்கு இறங்க எவ்வளவு காலமாகும் என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். சராசரியாக 52 ஆண்டுகள் என்று வந்தது. எனக்கு இப்போது 46 முடிந்துவிட்டது. அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. 3,000-க்குக் கீழே இருக்கிறது, ஊசி வந்தால் தகுதி உண்டு என்பதை மட்டும் சொன்னேன். “தகுதின்னா, ஃபிட்டா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த அளவு பார்க்கும் தேதியைத் தினசரிக் காலண்டரின் பின்னட்டையில் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.